வலது கையில் 92, இடது கையில் 146: ஸ்டீயரிங் மோதிய ஒரு டிராக்டர் ஓட்டுநரின் தமனிக் காயம்

## பின்னணி

இது மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப்புற நகரில் நடந்தது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு, சிகிச்சை தொடர்பானதை மட்டும் எழுதுகிறேன். அப்போது நான் அங்குள்ள மாவட்ட மருத்துவமனையின் அவசரப் பிரிவில் மருத்துவ அதிகாரி.

ஒரு கடைத்தெரு, தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில், சுற்றிலும் செம்பனை. முன்பு அத்தனையும் பால்மரக் காடு. எங்கள் மருத்துவமனையில் எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், பிரசவ வார்டு, ஒரு சிறிய ரத்த இருப்பு உண்டு. சி.டி. ஸ்கேன் கிடையாது, அறுவை நிபுணரும் கிடையாது. ஸ்கேன் எடுக்க மாநில மருத்துவமனைக்கு ஒரு மணி நேரம் போக வேண்டும். நெஞ்சைத் திறந்து பெரிய ரத்தக் குழாய்களில் அறுவை செய்யும் பிரிவு அதையும் தாண்டி, நெடுஞ்சாலையில் இன்னும் இரண்டரை மணி நேரத் தொலைவில் இருந்தது. கீழே வரும் முடிவுகள் எல்லாமே இந்தத் தூரங்களை மனத்தில் வைத்து எடுத்தவை.

நோயாளி நாற்பதுகளில் இருந்த ஆண். பல ஆண்டுகளாக அதே தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவர். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா எதுவும் இல்லை. சிகரெட் பழக்கம் உண்டு.

## தோட்டத்தில்

இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்த காலை. பழக்குலை ஏற்றிய டிரெய்லரோடு மேட்டிலிருந்து இறங்கும்போது சக்கரம் செம்மண்ணில் வழுக்கி, டிராக்டரின் முன்பக்கம் கால்வாய்க் கரையில் மோதி நின்றது. வண்டி கவிழவில்லை. இருக்கை வார் இல்லாத பழைய டிராக்டர். உடம்பு முன்னே பாய்ந்ததில் ஸ்டீயரிங் வளையம் நெஞ்சின் மேற்பகுதியில், கழுத்துக் குழிக்குக் கொஞ்சம் கீழே இடித்தது. பின்னால் உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த வங்காளதேசத் தொழிலாளி ஓடிவந்து இறக்கியிருக்கிறார். ஓட்டுநர் தானாகவே நடந்து போய், மண்டோரின் (தோட்ட மேற்பார்வையாளரின்) மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து தோட்டத்துக் கிளினிக்குக்கு வந்துவிட்டார்.

இப்போது பெரும்பாலான தோட்டங்களில் ஆஸ்பத்திரி மூடப்பட்டுவிட்டது. இந்தத் தோட்டத்தில் மட்டும் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய டிரெஸர் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்) ஒருவர் இருந்தார். வழக்கம்போல் வலது கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். 92/60. நெஞ்சில் அடிபட்டவருக்கு 92 என்றால் யாருக்கும் முதலில் தோன்றுவது, உள்ளே ரத்தம் போகிறது என்பதுதான். சலைனை வேகமாக ஏற்றி ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதுதான் அங்கே நடந்திருக்கக்கூடியது.

அவருக்கு அந்த எண் பொருந்தவில்லை. எதிரே இருந்தவர் வியர்க்காமல், தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார். கழுத்தருகே நாடி நிதானமாக ஓடியது. ஆனால் வலது மணிக்கட்டில் நாடியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. இடது மணிக்கட்டில் தொட்டதுமே கிடைத்தது.

"வலது கை எப்படி இருக்கு தம்பி?"

"கொஞ்சம் கனமா இருக்குங்க ஐயா. அடிபட்டதால இருக்கும்."

பட்டையைக் கழற்றி இடது கையில் கட்டினார். 146/88. கையில் ஊசிக் குழாயை மட்டும் போட்டு மூடிவைத்து, சலைன் ஏற்றாமல், ஒரு எம்.சி. (மருத்துவ விடுப்பு) சீட்டின் பின்புறத்தில் நீல மையில் இரண்டு வரி எழுதி ஆளோடு அனுப்பினார்: வலது 92/60, இடது 146/88, நேரம். இரண்டு எண்களின் கீழும் கோடு போட்டிருந்தார்.

## மாவட்ட மருத்துவமனையில் கண்டவை

எங்கள் அவசரப் பிரிவில் கருவி இடது கையில் 150/90 என்று காட்டியது. கட்டிலின் அந்தப் பக்கம்தான் கருவி நிற்கும், அதனால் பெரும்பாலும் எல்லோருக்கும் இடது கையில்தான் எடுப்போம். சீட்டைப் பார்த்தவர்களில் சிலர், கிளினிக்கில் இருப்பது பழைய கருவி, 92 என்பது அதன் கோளாறாக இருக்கும் என்றார்கள். அப்படி நினைப்பது இயல்புதான். கையால் அழுத்தும் கருவியை எடுத்துவந்து, ஒரே பட்டையை இரண்டு கைகளுக்கும் மாற்றி மாற்றிக் கட்டி இருமுறை பார்த்தோம். வலது 94, இடது 148. கோளாறு கருவியில் இல்லை.

இரு கைகளுக்கும் இடையே பத்து வரை வித்தியாசம் பலருக்கும் இருக்கும். இருபதைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். இங்கே ஐம்பதுக்கு மேல். ஆனால் சிகரெட் பிடிக்கிறவருக்குக் கைத் தமனியில் பழைய அடைப்பு இருக்கவும் இடமுண்டு. டிரெஸருக்கே போன் போட்டுக் கேட்டோம். அவர் தன் பதிவேட்டைப் புரட்டி, முந்தைய ஆண்டு இதே ஆளுக்கு வலது கையில் 130/80 என்று வாசித்துக் காட்டினார். ஆக, வித்தியாசம் புதியது.

நெஞ்சின் மேலே பிறை வடிவத்தில் சிவந்த தடம். மார்பெலும்பின் மேற்பகுதியைத் தொட்டால் கடும் வலி. இரு நுரையீரலிலும் காற்றோட்டம் சீராக இருந்தது. அல்ட்ராசவுண்டில் வயிற்றிலோ இதய உறையிலோ ரத்தம் இல்லை. இ.சி.ஜி. இயல்பு, ஹீமோகுளோபின் இயல்பு. வலது கை விரல்கள் கொஞ்சம் குளிர்ந்திருந்தன, அசைவு குறையவில்லை. முகம், பேச்சு, கைகால் பலம் எல்லாம் சரி. இடது கையை நீட்டச் சொல்லி, கண்ணை மூடவைத்து, தாழ்கிறதா என்று தனியாகப் பார்த்தோம். தாழவில்லை. ஏன் இடது கை என்பது அடுத்த பகுதியில் புரியும்.

கழுத்து, முதுகுத் தண்டில் வலி இல்லாததால் உட்காரவைத்து எக்ஸ்ரே எடுக்க முடிந்தது. படுக்கவைத்து எடுத்தால் நடுமார்பின் நிழல் இயல்பான ஆளுக்கே அகலமாகத் தெரியும், அப்புறம் எதையும் நம்ப முடியாது. படத்தில் நடுமார்பின் மேற்பகுதி 8 செ.மீ.க்கும் அதிகமாக அகன்றிருந்தது. அகலம் வலப்பக்கமாக. மூச்சுக்குழாய் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளப்பட்டிருந்தது. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவில் தெரியும் குமிழ் மட்டும் கோடு கலையாமல் தெளிவாகத் தெரிந்தது.

## என்ன நினைத்தோம்

மார்பில் பலமாக அடிபட்டால் முதலில் அஞ்ச வேண்டியது பெருந்தமனியின் கிழிசல். அது பெரும்பாலும் இடது கைத் தமனி பிரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஏற்படும். வளைவு அசையக்கூடியது, அதற்குக் கீழே தமனி முதுகெலும்போடு ஒட்டி நிலையாக நிற்பது. உடம்பு திடீரென்று நிற்கும்போது இரண்டும் சேருமிடம் இழுபடுகிறது. அப்படிக் கிழிந்தவர்களில் ஐந்தில் நான்கு பேராவது மருத்துவமனைக்கு வந்து சேருவதில்லை. வந்து சேர்கிறவர்கள், வெளிச்சுவரும் சுற்றியுள்ள திசுவும் தற்காலிகமாகப் பிடித்து நிறுத்தியிருக்கும் அதிர்ஷ்டசாலிகள்.

இவருக்குப் படம் வேறு மாதிரி இருந்தது. அந்த இடத்தில் கிழிந்திருந்தால் பெருந்தமனிக் குமிழ் ரத்தக்கட்டில் மறைந்திருக்கும், மூச்சுக்குழாய் வலப்பக்கம் தள்ளப்படும். வலது கை அழுத்தமும் குறையாது. மாறாக, பெருந்தமனி வளைவின் முதல் கிளையான இன்னாமினேட் தமனியில் காயம் என்று வைத்தால் எல்லாம் ஒன்றாகப் பொருந்தியது. மார்பெலும்புக்கு நேர் பின்னால், மூச்சுக்குழாய்க்கு முன்னால் ஏறும் தமனி அது. வலது கைக்கும், மூளையின் வலப்பக்கத்துக்கும் ரத்தம் போவது அதன் வழியாகத்தான். முன்னாலிருந்து ஸ்டீயரிங் இடிக்கும்போது மார்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் நசுங்கி, அடிவாரத்திலேயே கிழியும். வலது மூளைக்கு ரத்தம் குறைந்தால் பலம் போவது உடம்பின் இடப்பக்கம். அதனால்தான் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தத் தமனி கிழிந்தவர்களில் பலருக்குக் கைநாடி இயல்பாகவே இருக்கும். உள்சுவர் மடிந்து பாதையை அடைத்தால்தான் அழுத்தம் குறையும். இரு கைகளிலும் ஒரே எண் வந்தது என்பதால் காயமில்லை என்று முடிவுகட்டக் கூடாது. எக்ஸ்ரே இயல்பாக இருப்பவர்களுக்கும் இதேதான். அடி பலமானது என்றால் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும்.

## எடுத்த முடிவுகள்

முதல் கேள்வி, எந்தக் கையின் எண்ணை நம்புவது. உடம்பின் உண்மையான அழுத்தம் 148. வலது கையில் வரும் 94 அடைப்புக்கு அப்பால் உள்ள அழுத்தம். 94-ஐ நம்பி சலைனோ அழுத்தம் ஏற்றும் மருந்தோ கொடுத்திருந்தால், கிழிந்த சுவரின் மேல் விழும் அழுத்தம் 180-க்குப் போயிருக்கும். வெள்ளைப் பிளாஸ்திரி ஒன்றை வலது முழங்கைக்கு மேல் ஒட்டி, இந்தக் கையில் அழுத்தம் எடுக்காதீர்கள் என்று மலாயில் எழுதினோம். ஆம்புலன்ஸிலிருந்து அறுவை அறை வரை அந்தப் பிளாஸ்திரி கூடவே போனது.

அடுத்தது அழுத்தத்தைக் குறைப்பது. பெருந்தமனிக் காயங்களில் மேல் அழுத்தத்தை 100-க்கும் 120-க்கும் இடையில் வைத்து, நாடித் துடிப்பையும் குறைத்து, சுவரின் மேல் விழும் ஒவ்வொரு அடியையும் மென்மையாக்குவது வழக்கம். இங்கே ஒரு சிக்கல் இருந்தது. வலது மூளைக்குப் போகும் கழுத்துத் தமனியும் அதே அடைப்புக்கு அப்பால்தான் இருக்கிறது. அழுத்தத்தை அதிகம் குறைத்தால் கிழிசல் தப்பும், மூளை பட்டினி கிடக்கும். மாநில மருத்துவமனையின் நிபுணரோடு போனில் பேசி, இடது கையில் 110-க்கும் 120-க்கும் நடுவே நிறுத்துவது, அதற்குக் கீழே போகவிடாமல் பார்த்துக்கொள்வது, கால்மணிக்கொரு முறை பேச்சையும் இடது கையையும் சோதிப்பது என்று முடிவு செய்தோம். இடது கை தளர்ந்தால் உடனே மருந்தை நிறுத்த வேண்டும்.

முதலில் வலிக்கு மார்ஃபின். அதிலேயே அழுத்தம் 136-க்கு இறங்கியது. வலியைப் போக்காமல் அழுத்த மருந்தைத் தேடுவதில் அர்த்தமில்லை. அப்புறம் அழுத்தத்தையும் நாடித் துடிப்பையும் குறைக்கும் லேபெட்டலால். அவசரப் பிரிவின் அலமாரியில் அது இல்லை. கர்ப்பிணிகளின் ரத்த அழுத்தத்துக்குப் பயன்படுவதால் பிரசவ வார்டில் எப்போதும் இருக்கும். தாதி ஒருவர் ஓடிப்போய் எடுத்துவந்தார். 20 மி.கி. மெதுவாக ஊசியில் கொடுத்து, பிறகு பம்பில் தொடர்ந்தோம். ஆஸ்துமா இல்லை, உள்ளே ரத்தப்போக்கும் இல்லை என்று உறுதியானதால்தான் இந்த மருந்தைத் தொட்டோம்.

எங்கே அனுப்புவது என்பதில் பேச்சு நடந்தது. நேராக நெஞ்சறுவை மருத்துவமனைக்கே அனுப்பலாம் என்பது ஒரு கருத்து. ஸ்கேன் இல்லாமல் மூன்றரை மணி நேரம் சாலையில் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. வழியில் வெடித்தால் நெஞ்சைத் திறக்க ஆளில்லை, சந்தேகம் தவறென்றால் பயணமே வீண். மாநில மருத்துவமனைக்கு அனுப்புவது, அதே நேரத்தில் நெஞ்சறுவைப் பிரிவுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது என்று தீர்மானித்தோம். நான் ஆம்புலன்ஸில் கூடப் போனேன்.

## ஸ்கேன்

மாநில மருத்துவமனையில் தமனிகளைக் காட்டும் சி.டி. எடுத்தார்கள். சாய மருந்தை வலது கை வழியாகச் செலுத்தினார்கள். இடது கையில் செலுத்தினால், அடர்ந்த மருந்தோடு ரத்தம் திரும்பும் பெரிய நாளம் சரியாக இன்னாமினேட் தமனியின் அடிவாரத்துக்கு முன்னால் குறுக்கே போகும். அதன் பளிச்சென்ற கீற்றுகள், பார்க்க வேண்டிய இடத்தையே மறைத்துவிடும்.

படத்தில் இன்னாமினேட் தமனி பெருந்தமனியிலிருந்து கிளம்பும் இடத்தில் 2 செ.மீ. அளவுக்குப் போலி வீக்கம் (கிழிந்த சுவர் வழியாக ரத்தம் வெளியே தேங்கி உண்டான பை) இருந்தது. உள்சுவர் மடிந்து பாதையைப் பாதிக்கு மேல் அடைத்திருந்தது. சுற்றிலும் ரத்தக்கட்டு. மார்பெலும்பின் மேல்பாகத்தில் விலகாத முறிவு. பெருந்தமனியில் சேதமில்லை. இடது கழுத்துத் தமனி தனியாகப் பிரிகிறதா என்பதையும் பார்த்தார்கள். சிலருக்கு அது இன்னாமினேட் தமனியோடு ஒரே அடிவாரத்தில் கிளம்பும். அப்படி இருந்தால் அடிவாரத்தில் கிளாம்ப் (ரத்தத்தை நிறுத்தும் இடுக்கி) போடும்போது இரண்டு கழுத்துத் தமனிகளும் ஒன்றாக அடைபட்டுவிடும். இவருக்குத் தனித்தனியாகவே இருந்தன.

அன்று மாலையே நெஞ்சறுவை மருத்துவமனைக்கு மாற்றினார்கள்.

## ஸ்டென்ட்டா, திறந்த அறுவையா

பெருந்தமனி கிழிசலுக்கு இப்போது தொடைத் தமனி வழியாக உறையிட்ட ஸ்டென்ட் (கம்பி வலைக் குழாய்) வைப்பதே முதல் தேர்வு. நெஞ்சைத் திறந்து பெருந்தமனியை அடைத்துத் தைத்த காலத்தில் கால்கள் செயலிழக்கும் ஆபத்து கூடவே வந்தது. இவருக்கு அந்த வழி ஒத்துவரவில்லை. ஸ்டென்ட் பிடித்து நிற்கக் காயத்துக்கு முன்னும் பின்னும் நல்ல சுவர் வேண்டும். கிழிசல் அடிவாரத்திலேயே இருந்ததால் முன்பக்கம் பிடிமானம் இல்லை. தவிர, கிழிந்த உள்சுவரில் கம்பியை நுழைத்தால் ரத்தக்கட்டின் துணுக்கு மூளைக்குப் போகலாம்.

மனைவி கேட்ட கேள்வியை அறுவை நிபுணர் பிறகு என்னிடம் சொன்னார். "நடந்து வந்த மனுஷன் டாக்டர். பேசுறாரு, சாப்பாடு கேக்குறாரு. எதுக்கு நெஞ்சத் திறக்கணும்?" நியாயமான கேள்வி. ஸ்கேன் படத்தையே திரையில் காட்டி, வெளிச்சுவர் மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று விளக்கிய பிறகு கையெழுத்திட்டார்.

இரவோடு இரவாகச் செய்யவில்லை. அழுத்தம் கட்டுக்குள் இருந்தது, மூளையில் குறையில்லை. ஆகவே முழுக் குழுவோடு மறுநாள் காலை. நிலை மாறினால் எந்நேரமும் என்று அறையைத் தயாராக வைத்திருந்தார்கள்.

## அறுவை

நான் நேரில் பார்க்கவில்லை. நிபுணரின் குறிப்பையும் அவரிடம் கேட்டதையும் வைத்து எழுதுகிறேன்.

அழுத்தம் அளக்கும் குழாய் இடது கையில். நெற்றியின் இருபுறமும் மூளையின் ஆக்சிஜனைக் காட்டும் ஒட்டிகள். மார்பெலும்பை நடுவில் பிளந்து, கீறலை வலது கழுத்துவரை நீட்டினார்கள். இதயநுரையீரல் இயந்திரம் தயாராக நின்றது, பயன்படவில்லை.

இங்கே விதி ஒன்றுதான்: ரத்தக்கட்டை முதலில் தொடாதே. கிழிசலை அடைத்து வைத்திருப்பதே அந்தக் கட்டுதான். இதய உறையைத் திறந்து, கட்டுக்குக் கீழே, பெருந்தமனி இதயத்திலிருந்து மேலேறும் அடிபடாத பகுதியை, அதாவது ஏறு பெருந்தமனியைப் பிடித்தார்கள். மேலே, கட்டுக்கு அப்பால், தமனி கைக்கும் கழுத்துக்கும் பிரியும் இடத்தைப் பிடித்தார்கள். குறுக்கே போகும் நாளத்தை நாடா போட்டு ஒதுக்கினார்கள்.

பிறகு மாற்றுப் பாதை. ஏறு பெருந்தமனியின் பக்கவாட்டில் ஒரு பகுதியை மட்டும் கடிக்கும் கிளாம்ப் போட்டு, 10 மி.மீ. டேக்ரான் (செயற்கை இழை) குழாயின் ஒரு முனையை அங்கே தைத்தார்கள். அந்தச் சில நிமிடங்களுக்கு அழுத்தத்தை 100-க்குக் கீழே இறக்கியிருந்தார்கள். அடுத்து, கிளை பிரியும் இடத்துக்கு முன் கிளாம்ப் போட்டுத் தமனியை வெட்டி, குழாயின் மறுமுனையை அதோடு நேருக்கு நேர் தைத்தார்கள். வலது கழுத்துத் தமனிக்குப் பெருந்தமனியிலிருந்து ரத்தம் போகாத நேரம் இதுதான். மூளைக்கு இடது கழுத்துத் தமனியும் பின்பக்கத் தமனிகளும் கொடுத்தன. நெற்றி ஒட்டியின் எண் கொஞ்சம் இறங்கி நிலைத்தது. திறக்கும்போது முதலில் கைப்பக்கம், பிறகே கழுத்துப் பக்கம். காற்றுக் குமிழோ துணுக்கோ இருந்தால் கைக்குப் போகட்டும், மூளைக்கு வேண்டாம். கடைசியாகத்தான் கிழிந்த அடிவாரத்துக்குப் போய், அதற்கும் பக்கவாட்டுக் கிளாம்ப் போட்டுத் தைத்து மூடினார்கள்.

ஹியூஸ்டன் நகர அறுவை நிபுணர்கள் பரவலாக்கிய முறை இது. இயந்திரமும் வேண்டாம், உடம்பு முழுக்க ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினும் வேண்டாம் என்பதுதான் இதன் பெரிய வசதி. அடிபட்டவருக்கு நுரையீரலிலும் மண்டையிலும் வேறு காயங்கள் இருக்கலாம், ரத்தம் உறையாமல் செய்வது அங்கே ஆபத்து.

## பின்விளைவு

அறுவை முடிந்ததும் வலது 118, இடது 120. மறுநாள் செயற்கைச் சுவாசத்துக்குத் தொண்டையில் போட்டிருந்த குழாயை எடுத்ததும் பேச்சு வந்தது, கைகால் பலம் சரி. குரல் மட்டும் கரகரத்தது. குரல்நாணுக்குப் போகும் வலது நரம்பு, கைத் தமனியைச் சுற்றி வளைந்து திரும்புவது. அங்கே வேலை செய்யும்போது இழுபட்டிருக்க வேண்டும். சில வாரம் தண்ணீர் குடித்தாலே புரையேறியது. திரவத்தைக் கொஞ்சம் கெட்டியாக்கிக் குடிக்கவும், முகவாயைத் தாழ்த்தி விழுங்கவும் பயிற்சி கொடுத்தார்கள். மூன்றாம் மாதம் குரல் ஏறக்குறைய திரும்பியது. கோயிலில் உரத்துக் கூப்பிட்டால் இன்னும் உடைகிறது என்று அவர் சொன்னார்.

வார்டில் வலதுபக்க நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிக் காய்ச்சல் வந்தது. மூச்சுப் பயிற்சியிலும் மருந்திலும் அடங்கியது. இரண்டாம் வாரம் ஆஸ்பிரினோடு வீட்டுக்குப் போனார். மார்பெலும்பு கூடும்வரை கனம் தூக்கக் கூடாது, டிராக்டரும் கூடாது. வேலை நேரத்தில் நடந்த விபத்து என்பதால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் மனு போட்டார்கள். பணம் வரத் தாமதமானது, அதுவரை குடும்பம் மனைவியின் சம்பளத்தில் ஓடியது. ஆறாம் மாத ஸ்கேனில் மாற்றுக் குழாய் நன்றாக ஓடியது. இப்போது தோட்டத்தில் எடைபோடும் இடத்தில் வேலை. டிராக்டருக்குத் திரும்ப அவருக்கு விருப்பமில்லை.

## எதை மாற்றினோம், எது மாறவில்லை

எங்கள் அவசரப் பிரிவின் படிவத்தில் ரத்த அழுத்தத்துக்கு ஒரே கட்டம்தான் இருந்தது. மார்பில் அடிபட்டு வருகிறவர்களுக்கு இப்போது வலது, இடது என்று இரண்டு கட்டம். மாற்றுக் கடிதத்திலும் எந்தக் கையில் எடுத்தது என்று எழுத வேண்டும். லேபெட்டலால் அவசரப் பிரிவு அலமாரிக்கு வந்துவிட்டது. எக்ஸ்ரே படத்தை நாங்கள் புறப்படும் முன்பே நிபுணர் பார்க்கும்படி அனுப்பும் ஏற்பாடும் செய்தோம். இந்த முறை போனில் வாயால் சொல்லித்தான் விளக்க வேண்டியிருந்தது, அதில் கொஞ்ச நேரம் போனது.

சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இருந்து ஆட்களைக் கூட்டி வருகிற மண்டோர்களுக்கும் ஒரு செய்தி கொடுத்தோம். நெஞ்சில் ஸ்டீயரிங் இடித்தவர் நடந்து வந்தாலும் மோட்டார் சைக்கிளில் ஏற்ற வேண்டாம், படுக்கவைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

அந்த டிரெஸர் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. கிளினிக் அறையில் இப்போது உரமூட்டை அடுக்கியிருக்கிறார்கள். அந்தத் தோட்டத்தில் அடிபடுகிறவர்கள் நேராக எங்களிடம் வருகிறார்கள், வந்து சேர முன்பைவிட அரை மணி நேரம் கூடுதலாகிறது. பழைய டிராக்டர்களுக்கு இருக்கை வார் போடும்படி தோட்ட நிர்வாகத்துக்கு எழுதினோம். இரண்டுக்குப் போட்டிருக்கிறார்கள், மற்றவை அடுத்த பராமரிப்பின்போது என்று பதில் வந்திருக்கிறது.